ஆறு மூடிகள்

மாடிப்படிக்கு அடியில் குந்தியபடி இவள் இன்வெர்ட்டர் பேட்டரியின் நான்காவது மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே வறண்டிருந்தது. முதல் மூன்றும் அப்படித்தான்.

கூடத்தில் அப்பா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பத்து மணிக்குப் போன கரண்ட் இன்னும் வரவில்லை. பெட்டியின் கண்ணாடி வேர்த்திருந்தது.

"மனுஷன் இருந்தப்பவும் கரண்ட் இல்ல, போனப்புறமும் இல்ல," என்றார் சித்தப்பா. "கரண்ட் ஆபீஸ்காரனுங்கதான் எங்கண்ணனைக் கொன்னானுங்க."

நேற்றும் இதே நேரம்தான் கரண்ட் போனது. ஆக்ஸிஜன் மெஷின் வழக்கம்போல இன்வெர்ட்டருக்கு மாறியது. அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். இரண்டு மணி நேரம் தாங்குமே என்று இவள் குளிக்கப் போனாள். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. தலையில் நுரையோடு ஓடி வந்தபோது மெஷின் நின்றிருந்தது. அப்பாவும்.

மாதம் முதல் தேதி பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது அப்பாவின் வேலை. ஊற்றிய தேதியைப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் குறித்துவைப்பார். படுக்கையில் விழுந்ததும் அந்தத் தண்ணீர்ப் புட்டியை இவளிடம் கொடுத்தார்.

"இனி நீதான். படிச்ச பொண்ணு, உனக்குச் சொல்லணுமா?"

"சரிப்பா."

சுவரில் கடைசித் தேதி நான்கு மாதத்துக்கு முந்தையது. இவள் கையெழுத்தில் ஒன்றுகூட இல்லை.

ஐந்தாவது மூடியைத் திறக்கும்போது பின்னால் அம்மாவின் குரல்.

"இங்க என்னடி பண்றே?"

இவள் புட்டியைப் பிடித்தபடியே திரும்பினாள். "அம்மா, நான் வந்து..."

அம்மா சுவரைப் பார்த்தாள். மேலிருந்து கீழே, ஒவ்வொரு தேதியாக. கடைசித் தேதியில் நின்றாள்.

"அண்ணி, அந்த இன்வெர்ட்டருக்கு என்னதான் ஆச்சு? டார்ச் எடுத்துட்டு வரேன், பாத்துடலாம்," கூடத்திலிருந்து சித்தப்பா எழுந்து வரும் சத்தம்.

அம்மா முந்தானை நுனியை நாக்கில் நனைத்துச் சுவரைத் தேய்த்தாள். அப்பாவின் எண்கள் ஒவ்வொன்றாகக் கலங்கின. மறுபடி நனைத்து, மறுபடி தேய்த்தாள்.

"பேட்டரி செத்துப்போச்சு, தம்பி. நீங்க போய் உக்காருங்க."

காலடிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. ஐஸ் பெட்டி உறுமத் தொடங்கியது. கூடத்தில் யாரோ, "அப்பாடா," என்றார்கள்.

"மூடியெல்லாம் போட்டுட்டு வா," என்றாள் அம்மா.

கறுத்துப்போன நுனியை உள்பக்கமாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.