கீழ்வானச் சிவப்பு மறையும்வரை

"நீ நிம்மதியா நோன்பு தொற. நான் பால்கனியில நிக்கிறேன்."

"இந்தக் குளிர்லயா? ஏன்?"

"நான் எதிர்ல காஞ்ச வாயோட உக்காந்திருந்தா உனக்குத் தொண்டையில இறங்குமா? எனக்கு இன்னும் டைம் இருக்குல்ல."

"சரி."

மியூனிக்கில் அவர்களுக்கு வாய்த்த முதல் ரமலானில், முதல் நாள் மாலையில் நடந்த பேச்சு அது. அந்த ஒற்றைச் சரியை ஏன் சொன்னோம் என்று சுலைஹா பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். கணவன் அக்கறையாகச் சொல்லும்போது மறுக்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். இது மூன்றாவது ரமலான். அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது. சூரியன் இறங்கியதும் அவள் கைப்பேசியில் பாங்கு ஒலிக்கும். சன்னியான அவள் அப்போதே பேரீச்சம்பழத்தைக் கடிப்பாள். ஷியாவான ஜவாத், கீழ்வானத்துச் சிவப்பு மறையும்வரை வெளியே நிற்பான். பிறகு மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டுச் சாப்பிட வருவான். அதற்குள் அவள் கஞ்சி குடித்து, தொழுது, பாத்திரம் கழுவத் தொடங்கியிருப்பாள். பகலெல்லாம் சேர்ந்து பசித்திருந்தவர்கள் தனித்தனியே பசியாறினார்கள்.

சென்னையில் ஒரே அலுவலகத்தில் பழகி, பிடிவாதமாக நடத்திக்கொண்ட கல்யாணம். சுலைஹாவின் காயல்பட்டினத்து வாப்பா கடைசிவரை ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "ஒரு சஹன்ல சேர்ந்து உக்காந்து திங்க முடியாத வீட்டுக்கா போறா?" அவருக்குப் பயந்தும், ராயப்பேட்டை மாமியாருக்குப் பயந்தும், அந்தப் பேச்சையே வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று இருவரும் வைத்துக்கொண்டார்கள். நபிகள் மறைந்த பிறகு தலைமை யாருக்கு, தோழர் அபூபக்கருக்கா, மருமகன் அலீக்கா என்று எழுந்த கேள்வி. மார்க்கம் பாலைவனம் கடந்தும் கடல் கடந்தும் போன இடமெல்லாம் அதுவும் கூடவே போனது. காயலில் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஒரு பதிலோடு இறங்கினார்கள். ஜவாதின் முன்னோர்கள் வடக்கேயிருந்து வேறு பதிலோடு வந்தார்கள். பேசாமல் இருந்தால் சண்டை வராது என்று இருவரும் நம்பினார்கள். சண்டை வரவில்லைதான். ஆனால் பேசாததன் களைப்பு இப்படி எலும்புக்குள் இறங்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இன்று வேலை முடிந்து, இரண்டு ரயில் மாறி, சேறும் பனியுமான காலணியோடு படியேறியபோது கீழ்வீட்டுத் தக்சாயினி அக்கா ஒரு டப்பாவோடு நின்றாள். யாழ்ப்பாணத்துக்காரி, நோன்பு தொடங்கினால் வாரம் ஒருமுறை மரக்கறி ரோல்ஸ் வந்துவிடும்.

"பிள்ளை, குறை நினையாதையும். அவரோட சண்டையோ?"

"இல்லையேக்கா. ஏன்?"

"பின்னேரத்தில பல்கனியில தனிய நிக்கிறார். கீழயிருந்து பார்க்கப் பாவமாக்கிடக்கு."

சுலைஹா தனக்குத் தெரிந்தவரை சுருக்கமாகச் சொன்னாள். அக்கா தலையாட்டிக் கேட்டாள்.

"எங்கட கோயிலிலயும் தலைவர் செத்தாப்பிறகு அடுத்தது ஆரெண்டு இழுபட்டு, இப்ப ரெண்டு கோயில்."

"அவ்வளவு சின்ன விஷயம் இல்லக்கா இது."

"ஓம், தெரியும். ஆனா நாங்கள் அன்னதானத்துக்கு ரெண்டு இடமும் போவம், கண்டீரோ. சாப்பாட்டோட என்ன கோவம்?"

சுலைஹாவுக்குச் சிரிப்பு வந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

வீட்டில் கஞ்சியைச் சூடாக்கினாள். அலமாரியின் மேலே, வெங்காயம் போட்டுவைத்திருந்த பெரிய தட்டு கண்ணில் பட்டது. வாப்பாவின் கேள்வி பொய்யென்று காட்டவே ஊரிலிருந்து தூக்கிவந்த சஹன். வெங்காயத்தைக் கூடையில் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவி மேசை நடுவில் வைத்தாள். ரோல்ஸை அதில் அடுக்கினாள்.

ஜவாத் வந்தான். அவன் முகத்திலும் நாளெல்லாம் தண்ணீர் காணாத வாட்டம். சஹனை ஒரு நொடி பார்த்தான். கழற்றிய ஜாக்கெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தான். பாங்கு ஒலிக்கத் தொடங்கியது.

பழம் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது. தாமதிக்கக் கூடாது என்பது அவளுடைய வழி.

"ஜவாத், போவாதீங்க."

அவன் கதவின் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் திரும்பினான். "என்னாச்சு?"

"உங்க நேரத்தை மாத்தச் சொல்லலை. என் நேரத்தையும் நான் மாத்தலை. ஒரு பழத்தோட நிறுத்திக்கிறேன், நீங்க தொழுதுட்டு வாங்க, சேர்ந்து சாப்பிடுவோம். ஆனா இப்ப..." பாங்கு முடிந்திருந்தது. அவனுக்குப் பின்னால், திறந்த கதவு வழியே தெரிந்த கீழ்வானம் இன்னும் சிவப்பாகவே இருந்தது. உள்ளே புகுந்த குளிர்காற்றில் கஞ்சியின் ஆவி அவள் பக்கமாகச் சாய்ந்தது.

"நான் நோன்பு தொறக்கும்போது என் எதிர்ல உக்காருங்க."