இரண்டாம் நாள் படம்

“தகட்டை இன்னும் மேல தள்ளும்மா… நுரையீரல் உச்சி வெட்டுப்படும்.”

ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து அக்கா சொன்னாள். எக்ஸ்ரே எடுக்க வந்த பெண் கண்ணீரை விழுங்கிக்கொண்டு, அவள் முதுகுக்கடியில் தகட்டை நகர்த்தினாள். இருபத்தெட்டு ஆண்டுகள் அதே மருத்துவமனையில் ஊரார் நெஞ்சையெல்லாம் படமெடுத்தவள் அக்கா.

சுவரோரம் நின்றான் தம்பி. ஆலையில் விடுப்புச் சீட்டு எழுதுபவன். காய்ச்சலோடு வந்த நெசவாளர்களை, ‘எக்ஸ்ரே சுத்தம்’ என்று தறிக்குத் திருப்பி அனுப்பியவன். சொல்லியும் அவன் கேளாததால் அக்கா அவனோடு ஒரு மாதம் பேசவில்லை.

“கிட்ட வாடா, விடுப்பு மகாராசா.”

தலையணைக்கடியிலிருந்து இரண்டு படங்களை எடுத்தாள்.

“இது எனக்குக் காய்ச்சல் வந்த ரெண்டாம் நாள். என்ன தெரியுது?”

“ஒண்ணுமில்லக்கா. சுத்தமா இருக்கு.”

“அன்னைக்கே என்னால மாடி ஏற முடியல. இது ஏழாம் நாள்.”

இரு நுரையீரல்களிலும், அடியிலும் ஓரங்களிலும், வெண்புகை திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது.

“வைரஸ் உள்ள வந்தாலும், படத்துல தெரிய நாளாகும்டா. படம் பொய் சொல்லல. நீதான் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதின.”

“பேசாதேக்கா. மூச்சு வாங்குது.”

“பேசாம இருந்துதான் ஒரு மாசம் வீணாப்போச்சு.”

மறுநாள் காலை அவள் மூச்சு நின்றது.

அடக்கத்துக்கு ஆலையே திரண்டு வந்தது. பதவியில்லை அவளுக்கு, பட்டமில்லை, மேடையுமில்லை. ஆயினும், ‘மூச்சு முட்டுது’ என்ற ஏழையின் சொல்லை ‘சுத்தம்’ என்ற எந்த முத்திரைக்கும் கீழாக அவள் வைத்ததில்லை. அவளை நம்பாதவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அவன் முன்வரிசையில் நின்றான்.

அடுத்த நாள் அவன் மேசைமுன் ஒரு நெசவாளர் வந்து நின்றார். கையில் எக்ஸ்ரே உறை.

“படம் சுத்தம்னுட்டாங்க சார். ஆனா நாலடி நடந்தா இரைக்குது. அக்கா இருந்தா அவங்களக் கேட்டிருப்பேன்.”

உள்ளறையிலிருந்து மேலாளரின் குரல் வந்தது: “படம் சுத்தம்தானே? தறிக்கு அனுப்புய்யா!”

தம்பி எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்தினான். எக்ஸ்ரே உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைத்தான்.

“உட்காருங்கண்ணே. எப்போலேருந்து இரைக்குது? மெதுவாச் சொல்லுங்க.”

நெசவாளர் சொல்லத் தொடங்கினார். இருமல் வந்து பேச்சு தடைபட்டது. தம்பி காத்திருந்தான். ஜன்னல் கண்ணாடியில் அருகருகே ஒட்டியிருந்த அக்காவின் இரண்டு படங்களின் வழியே வெயில் மேசைமீது விழுந்துகொண்டிருந்தது.