நாற்பத்தொரு குடைகள்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருஷம் ஜூலை பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, தாராவி தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, மேசைமேல் ஒரு குடை விழுந்தது. சிவப்பும் மஞ்சளும் பட்டை போட்ட குடை. பிள்ளைகளிடம் காட்டி, இதில் என்னவெல்லாம் தெரிகிறது என்று கேட்பதற்காகத் தேர்வுக் கம்பெனி ஒரு படம் அச்சடித்துக் கொடுத்திருந்தது. அதில் பூங்காவில் ஒரு குடும்பம் விரித்து வைத்திருந்ததே, அதே குடை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன் ‘ஒன் அம்ப்ரெல்லா இஸ் தேர்’ என்றான், அம்ப்ரெல்லா விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு பிள்ளைகள் பேசி முடித்திருந்தார்கள். நாற்பத்தொரு குடை, முப்பத்திரண்டு பந்து, இருபத்தாறு மூங்கில் கூடை, பதினேழு நாய்க்குட்டி. ‘ஃபாதர்’ என்று சொன்னவர்களுக்கு ஆள் வரவில்லை, ஒரு ஜோடி செருப்பு மட்டும் வந்தது. மேஸ்திரி ஒருவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்து, கூரையில் ஓட்டை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மழைக்காலம், ஆளுக்கொரு குடையோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரம் தாராவியில் குடை விலை இருநூற்றைம்பதிலிருந்து நூற்றிருபதுக்கு இறங்கியது. முக்கில் குடை விற்ற வானமாமலை, நமக்கு இது சரிப்படாது என்று மொபைல் கவர் வியாபாரத்துக்கு மாறிக்கொண்டார்.

தேர்வு நடத்தியவள் மாரீஸ்வரி. இருபத்தேழு வயசு, தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள், சாயங்காலக் கல்லூரியில் பி.ஏ. முடித்துக் கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தச் செய்தி பத்மஜாவுக்குப் போனில் வந்தபோது அவள் செம்பூரில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் அதே தேர்வை, அதே படத்தை வைத்து நடத்திக்கொண்டிருந்தாள். பத்மஜா மாட்டுங்காக்காரி, பூர்வீகம் பாலக்காடு. பத்தொன்பது வருஷமாக இந்த வேலை. கேள்விப் புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசிக்க வேண்டும், தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, ‘குட்’ என்று சொல்லவே கூடாது, பிள்ளை திணறினால் வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் பம்பாய் முழுக்கப் பரீட்சை நடத்துகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். செம்பூர்ப் பிள்ளைகள் அன்றைக்கு அவளிடம் தண்ணீர் பட்ட பாடாக இங்கிலீஷ் பேசினார்கள். குடையின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்றுகூட ஒரு பெண் சொன்னாள். மேசைமேல் ஒரு குண்டூசி விழவில்லை.

பத்மஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? பொறாமைதான், சுத்தமான பொறாமை. ‘தேர்’ என்பதை ஒழுங்காகச் சொல்லத் தெரியாத ஒருத்திக்கு முன்னால் குடை விழுகிறது, தனக்கு முன்னால் விழவில்லை. ரயிலில் இடம் கிடைத்தும் உட்கார மறந்து நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் புருஷன் பத்ரியை எதிரே உட்கார வைத்து, சுவர்க் காலண்டரைக் காட்டி, இதில் என்ன இருக்கிறதென்று இங்கிலீஷில் சொல்லச் சொன்னாள். முப்பத்தோரு வருஷம் பாங்கில் வேலை பார்த்த மனுஷர், மயில், வேல், தாமரை என்று ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடித்து, “ஆச்சா? காப்பி ஆறிப்போறது பத்மா” என்றார். காப்பி ஆறியிருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

பிள்ளைகளிடம்தான் ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. சீனியர் என்ற ஹோதாவில் மறுவாரமே பள்ளிக்கூடங்களை மாற்றிக்கொண்டாள். தாராவியில் மிச்சமிருந்த ‘பி’ பிரிவுக்குத் தானே போனாள், மாரீஸ்வரியைச் செம்பூருக்கு அனுப்பினாள். தாராவியில் மூன்று நாள் பத்மஜா மேசையைப் பார்த்தபடியே கேள்வி கேட்டாள். பிள்ளைகள் அம்ப்ரெல்லா என்றார்கள், பால் என்றார்கள், ஒருத்தன் உற்சாகத்தில் டாக் என்று நாலு தரம் சொன்னான். ஒரு வாலைக்கூடக் காணோம். செம்பூரிலோ, ஒரு பெண் தன் லீவைப் பற்றிச் சொல்லப்போய் வாய் தவறி ‘ஸ்விம்மிங் பூல்’ என்றுவிட்டாள். வகுப்பறையிலிருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்ற ஒன்றரை நாள் ஆனது. அப்புறம் சந்தேகத்துக்கு இடமே இல்லை. விழுவது மாரீஸ்வரிக்காகத்தான்.

மேற்பார்வை என்று சொல்லிக்கொண்டு ஒரு முழு நாள் மாரீஸ்வரியின் அறையில் பின்பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். அவள் என்ன செய்கிறாள், எங்கே தப்புகிறாள் என்று நோட்டம். பாவி, ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. உள்ளதை உள்ளபடி வாசித்தாள். தலையாட்டவில்லை. சாமான் விழும்போது பிள்ளையின் பேச்சுக் கெடாதபடி அதைச் சத்தமில்லாமல் காலுக்கடியில் தள்ளிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். எல்லாம் பத்மஜா சொல்லிக் கொடுத்த அதே முறை. மத்தியானம் டப்பாவைத் திறந்தபோது மாரீஸ்வரி, “மேடம், ஒரு வாய் சாப்பிடுங்க, கருவாடு இல்ல, புளிச்சோறுதான்” என்றாள். வயிறு சரியில்லை என்று பத்மஜா சொல்லிவிட்டாள். அது பொய்யும் இல்லை.

அன்று சாயங்காலம்தான் அவள் விதிப்புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கம் பதினான்கு. தேர்வு அறையில் கேள்விப் புத்தகம், படம், கடிகாரம், மார்க் தாள் இவை தவிர வேறு பொருள் இருந்தால், அந்த அறையில் எழுதப்பட்ட முடிவுகள் செல்லா. பத்தொன்பது வருஷமாக இந்த வரியை மொபைல் போனுக்கும் துண்டுச் சீட்டுக்கும்தான் பயன்படுத்தியிருந்தாள். இப்போது இன்சிடென்ட் ஃபார்மை நிரப்பினாள்: நாற்பத்தொரு குடை, முப்பத்திரண்டு பந்து, நாய்க்குட்டிகள் உட்பட. ஒரு எழுத்துப் பிழை இல்லாத ஃபார்ம். குர்லா ஆபீசில் மேனேஜர் சுந்தரராமன் அதைப் படித்தார். அவருக்குக் குடை விழுந்தது பெரிதாகப் படவில்லை, பக்கம் பதினான்கு பெரிதாகப் பட்டது. தாராவிப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேரின் முடிவையும் ரத்து செய்தார். செம்பூரிலும் குளம் விழுந்ததே என்று கேட்பீர்கள். அங்கே பாதி அப்பாமார் வக்கீல்கள், கம்பெனி அந்தப் பக்கமே திரும்பவில்லை. பத்மஜா அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள். இதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

ரத்து என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாததில்லை. நாலாம் லெவல் வாங்குகிற தாராவிப் பிள்ளைகளுக்குச் செம்பூரில் ஒரு ஜூனியர் காலேஜ் ஃபீஸ் இல்லாமல் இடம் கொடுப்பதாக ஏற்பாடு. அதற்காகத்தான் அந்தப் பள்ளிக்கூடம் தேர்வையே வரவழைத்திருந்தது. தாய்மார் முப்பது பேர் குர்லா ஆபீஸ் படியில் போய் உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்தபின் சுந்தரராமன் மறுதேர்வுக்கு ஒத்துக்கொண்டார். தேர்வு நடத்துவது பத்மஜா. மாரீஸ்வரி கேள்வி கேட்கக் கூடாது, நடைவழியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து பெயர் மட்டும் கூப்பிட வேண்டும். ஏதாவது விழுந்தால் இனி மறுதேர்வும் கிடையாது.

செப்டம்பர் எட்டாம் தேதி முதல் பிள்ளை உள்ளே வந்தது. பத்மஜா படத்தை நீட்டினாள். பிள்ளை படத்தைப் பார்த்து, ‘இட் இஸ் நைஸ். தே ஆர் வெரி ஹேப்பி. ஐ லைக் இட்’ என்றது. அடுத்தவன், ‘இட் இஸ் பியூட்டிஃபுல். இட் இஸ் பிக். திஸ் இஸ் ஆல்சோ பிக்’ என்றான். மூன்றாவது, நாலாவது, பத்தாவது, எல்லாம் இதே கதை. படத்தில் இருக்கிற ஒரு சாமானின் பெயர் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. விஷயம் இதுதான்: விழுந்தால் போச்சு என்று தெரிந்ததும் பிள்ளைகள் ஒரு மாசமாக உட்கார்ந்து, பொருளே இல்லாமல் இங்கிலீஷ் பேசப் பழகியிருந்தார்கள். ‘ஏல, சாமான் பேரு மட்டும் சொல்லிராதீங்க’ என்று ஒருத்தருக்கொருத்தர் மிரட்டி, வாய் தவறிச் சொன்னவன் தலையில் குட்டி, அப்படி ஒரு பழக்கம். எத்தனை கஷ்டம் என்று நீங்களே வேண்டுமானால் முயற்சி செய்து பாருங்கள். மார்க் தாளின்படி பொருளின் பெயர் தெரியாத பிள்ளைக்கு இரண்டாம் லெவலுக்கு மேல் போட முடியாது. இருபது பேருக்கு வரிசையாக இரண்டு, இரண்டு என்று பத்மஜா பென்சிலால் போட்டாள்.

இருபத்தொன்றாவதாக வந்தவள் ஆறுமுகத்தாய். ஜூலையில் அஞ்சாம் லெவல் வாங்கி, அது ரத்தான பெண். படத்தைப் பார்த்ததுமே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தெரியாமல் வந்துவிடுமோ என்ற பயம். பத்மஜா கேள்வியை வாசித்தாள், மறுபடி வாசித்தாள். பிறகு பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் பேசினாள்.

“தெரியறதோன்னோ? சொல்லேன்மா.”

ஆறுமுகத்தாய் விரலிடுக்கு வழியாக, “விழுந்துச்சுன்னா எழுதுவீங்களா மேடம்?” என்றாள்.

“எழுத மாட்டேன். சொல்லு.”

இரக்கத்தில் சொன்னாள் என்று நினைத்துவிட வேண்டாம். இரக்கம் கொஞ்சம் இருந்தது. மிச்சமெல்லாம் ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு குடை, தன் மேசைமேல் விழட்டும் என்ற ஆசை. அதற்காக வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. மேசையிலிருந்த கடிகாரத்தை நகர்த்தி இடம்கூடப் பண்ணி வைத்தாள். ஆறுமுகத்தாய் கையை எடுத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “தேர் இஸ் அன் அம்ப்ரெல்லா” என்றாள்.

மேசைமேல் ஒன்றும் விழவில்லை. கதவுக்கு வெளியே, நடைவழியில், தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. “ஆத்தாடி!” என்றது மாரீஸ்வரியின் குரல்.

பத்மஜா நகர்த்தி வைத்த கடிகாரத்தைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். தன் கேள்வி, தன் மேசை, தான் மீறிய விதி, குடை மட்டும் அவளுக்கா? அந்த நிமிஷத்தில் அவள் ஆறுமுகத்தாயை எழுந்து போ என்று சொல்லியிருக்கலாம். இரண்டாம் லெவலைப் போட்டு, மிச்சப் பிள்ளைகளையும் நைஸ், ஹேப்பி என்று பேசவிட்டு, மூன்று மணி வண்டியைப் பிடித்திருக்கலாம். யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பக்கம் பதினான்கு அவளுக்கு மனப்பாடம். தேர்வு அறையில் பொருள் இருந்தால் என்றுதான் அதில் இருக்கிறது. நடைவழி தேர்வு அறை இல்லை.

“இன்னும் என்ன இருக்கு?” என்றாள் பத்மஜா. “எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு.”

ஆறுமுகத்தாய் சொன்னாள். வெளியே பந்து குதித்தது, கூடை உருண்டது, நாய்க்குட்டி கத்தியது. முன்னால் போன இருபது பேரையும் பத்மஜா திரும்பக் கூப்பிட்டாள், மார்க் தாளை இன்னும் மையால் எழுதியிருக்கவில்லை, அதற்கு விதி இடம் கொடுத்தது. நாற்பத்தொரு பிள்ளைகளும் ஒரு மாசம் வாய்க்குள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டினார்கள். படத்தில் இல்லாததைக்கூடச் சொன்னார்கள்: தையல் மிஷின், மீன், மூன்று சக்கர சைக்கிள். ஒவ்வொரு வார்த்தைக்கும் வெளியே ஒரு சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் பத்மஜாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சுருக்கென்றபடியே அடுத்த கேள்வியைக் கேட்டாள். தன் கையாலேயே அள்ளி அள்ளி மாரீஸ்வரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் இன்சிடென்ட் ஃபார்மில் ‘அறைக்குள் பொருள் எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. முப்பத்தைந்து பேருக்கு நாலாம் லெவலும் அதற்கு மேலும், ஆறு பேருக்கு மூன்று.

கதவைத் திறந்தபோது நடைவழியில் கால் வைக்க இடமில்லை. மாரீஸ்வரி பெஞ்சுமேல் சம்மணம் போட்டு, மடியில் இரண்டு நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை கொட்டியது.

“மேடம், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீங்களே?” என்றாள். “எம்மேல ஒங்களுக்குப் பொறாமையா?”

“ஆமாம்,” என்றாள் பத்மஜா. “ரொம்ப.”

மாரீஸ்வரி மடியிலிருந்து நழுவப் பார்த்த நாய்க்குட்டியைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் விழுதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது மேடம். தெரிஞ்சா சொல்லித் தந்திருவேன். எனக்கு இப்ப இந்தச் சாமானையெல்லாம் எங்க கொண்டு வைக்கன்னுதான் கவலை. ஒரு குடைய எடுத்துக்கிடுங்க, நனைஞ்சிருவீங்க.”

பத்மஜா கையை நீட்டினாள். பாதியில் மடக்கிக்கொண்டாள். தானாக விழுவது வேறு, ஒருத்தி எடுத்துக் கொடுப்பது வேறு. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சயான் ஸ்டேஷன் வரை நனைந்துகொண்டே போனாள். மூன்று நாள் காய்ச்சல் அடித்தது.

அதற்குப் பிறகு தாராவித் தேர்வுக்கு அதுவே முறையாகிவிட்டது. பத்மஜா உள்ளே, மாரீஸ்வரி வெளியே. ஆறுமுகத்தாய் செம்பூரில் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். பத்மஜாவின் மேசைமேல் இன்று வரை எதுவும் விழவில்லை, பொறாமையும் ஒரு குன்றிமணி அளவு குறையவில்லை. போன வருஷம் கம்பெனி அச்சடித்து அனுப்பிய புதுப் படத்தில் ஆனை இருந்தது. சுந்தரராமன் போன் பண்ணி என்ன செய்யலாம் என்று கேட்டார். மாரீஸ்வரியின் பெஞ்சை நடைவழியிலிருந்து மைதானத்துக்கு மாற்றவும், வாழைப்பழம் இரண்டு தார் வாங்கி வைக்கவும் என்று பத்மஜா பதில் எழுதினாள். தேர்வன்று முதலில் வந்த பெண் படத்தை ஒரு தடவைதான் பார்த்தாள், உடனே சொல்லிவிட்டாள். கட்டடம் லேசாக அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மாரீஸ்வரி பழத்தை உரிக்க, ஆனை அவள் தோளை முகர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் அது திரும்பவே இல்லை. பத்மஜா பார்க்க வேண்டிய மட்டும் பார்த்தாள். பார்த்துவிட்டு, உச்சரிப்புக்கு முழு மார்க் போட்டு, “நெக்ஸ்ட்” என்றாள்.