என் குரலின் ஜனாஸா

என் மௌத்தை, என் மரணத்தை, நானே வானொலியில் அறிவித்திருக்கிறேன். அறிவித்துவிட்டு வீட்டுக்கு வந்து மீனும் வெட்டியிருக்கிறேன். அன்றைக்குத் தொழ வந்த சனம் எவ்வளவென்றால், ஊர் இடுகாடான மையவாடியில் இடம் போதாமல் ஸப்புக்குப் பின்னால் ஸப்பாக வரிசை நீண்டு, கடைசி ஸப்பு கடலுக்குள் நின்றது.

இதைச் சாய்ந்தமருதுக்கு வெளியே யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். ஊருக்குள் என்னை நம்பாத ஆள் ஒருவன்தான், கச்சிமுகம்மது. நான் பத்து என்றால் ஒன்று என்று எடுக்க வேண்டும் என்பது தேத்தண்ணிக் கடையில் அவன் போட்ட சட்டம். நீங்களும் அப்படியே எடுங்கள், எனக்குக் கவலையில்லை.

கல்முனை பஸ் நிலையத்தில் முடி நரைக்கும்வரை நேரக் காப்பாளராக இருந்தவன் நான். அக்கரைப்பற்று பஸ்ஸை நான் மைக்கில் கூப்பிட்டால், அக்கரைப்பற்றில் இருக்கிற சனம் அதில் ஏற எழும்பி நிற்கும். சாரதி தூங்கினாலும் பஸ் தானாக ஸ்டார்ட் ஆகும். ஓய்வு பெற்றதும் பள்ளிவாசல்காரர் என் குரலை வீணாக்க மனமில்லாமல், இறந்தவர்களின் ஜனாஸா அறிவிக்கிற வேலையைத் தந்தார்கள். அன்றிலிருந்து நான் மைக் றஸாக். நிந்தவூரில் இருக்கிற என் மச்சினனுக்கு வெங்காய விலை கேட்டு போன் எடுத்தாலும், அவன் முதலில், மௌத்துச் செய்திக்குச் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சொல்லிவிட்டுத்தான் ஹலோ சொல்லுவான்.

என் அறிவித்தலுக்கு ஒரு முறை உண்டு. ஊர், உறவு, பெயர் சொல்லுவேன். பெயர் சொன்னதும் நிறுத்திவிடுவேன். அந்த இடைவெளிக்குள்தான் பெண்கள் குழாயைப் பூட்டுவார்கள், பிள்ளைகளை அதட்டுவார்கள், "யாராம், யாராம்" என்று மதிலுக்கு மேலால் கேட்பார்கள். பிறகுதான் வீடு எங்கே, அடக்கம் எத்தனை மணிக்கு என்பதெல்லாம். ஆனால் ஒரு உண்மை சொல்கிறேன், அந்த இரண்டாம் பகுதியை இந்தக் கரையில் ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை. பெயர் விழுந்ததும் ஆம்பிளைகள் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி உளூச் செய்யப் போய்விடுவார்கள். செருப்பு மாட்டுகிற சத்தத்துக்குள் நான் மிச்சத்தைச் சொல்லி முடிப்பேன்.

இந்தக் குரலைத்தான் போன வருடம் களவெடுத்தார்கள்.

வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. நிந்தவூர் அரிசி ஆலை முதலாளி காலமானார் என்று நான் சொல்கிறேன். நான் சொல்லவே இல்லை. சனம் போய்க் குவிந்தபோது முதலாளி சாரனோடு வெளியே வந்து, "யாரு மௌத்து?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த கிழமை மருதமுனையில் ஒரு ஆசிரியை. அவர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பதிவின் அடியில், அநாதையான பிள்ளைகளுக்கு உதவ ஒரு கணக்கு இலக்கமும் இருந்தது. ஏ.ஐ.யாம். பள்ளிவாசல் பேஸ்புக்கில் கிடக்கிற என் அறிவித்தல்களைக் கொடுத்தால் போதுமாம், என் குரலால் எதையும் சொல்ல வைக்கலாமாம். முதலில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. களவெடுத்த குரல் என்னுடையதைவிடக் கொஞ்சம் இளமையாக இருந்தது.

பிறகு ஸஹீத் மௌத்தானான்.

ஸஹீத் கரைவலைக்காரன். கச்சிமுகம்மதும் அவனும் வாலிபத்திலிருந்து ஒரே கயிற்றை இழுத்தவர்கள். ஊரில் எவருடைய ஜனாஸாவானாலும் உடலைச் சுமக்கிற சந்தூக்கின் முன் காலைத் தோளில் வாங்குகிற ஆள் ஸஹீத்தான். சுனாமிக் காலத்தில் அவன் தூக்கிய மையத்துகளுக்கு நான் கணக்குச் சொல்லமாட்டேன். அதில் மிகைப்படுத்த எனக்கு வாய் வராது.

அவன் நெஞ்சு வலித்து விழுந்த காலையில் ஊரில் கரண்ட் இல்லை. பள்ளிவாசல் மைக் ஊமை. நான் போனில் பேசி, எல்லா ஊர்க் குழுக்களுக்கும் அனுப்பினேன். என் சொந்தக் குரல்தான். ஒரு நிமிடத்துக்குள் கீழே எழுத்துகள் விழத் தொடங்கின. "பொய் ஓடியோ, பரப்ப வேண்டாம்." "மைக் றஸாக்ட பேரில திரும்பவும் வந்திட்டாங்க." எங்கள் தேத்தண்ணிக் கடைக் குழுவில் முதலில் எழுதியவன் கச்சிமுகம்மது. "ஸஹீத் நேத்து என்னோட தேத்தண்ணி குடிச்சவன். பொய்."

மையத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கினோம். ஊருக்கெல்லாம் தோள் கொடுத்தவனுக்கு ஒன்றரை ஸப்புத்தான் நின்றது. சந்தூக்கைத் தூக்க ஆள் மாற்றவும் ஆள் இல்லை. கரண்ட் வந்து உண்மை தெரிந்து கச்சிமுகம்மது ஓடி வந்தபோது, மண்ணுக்கு மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தோம். என் கையிலிருந்த குடத்தை வாங்கி மிச்சத் தண்ணீரை அவன் ஊற்றினான். அன்றிலிருந்து என்னோடு தர்க்கிப்பதை விட்டுவிட்டான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஸஹீத்தின் மனைவி கமீலாவைப் பார்க்கப் போனேன். அவள் இத்தாவில், கணவனை இழந்த பெண் ஒதுங்கியிருக்கிற காலத்தில், இருந்தாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"மச்சான், உங்கட சத்தம் நாலு ஊரக் கூட்டுமெண்டு அவர் செல்லுவார். அவருக்கு மட்டும் ஏன் கூட்டல்ல?"

எனக்கு அப்போது வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

கல்முனையில் அப்னா என்ற பிள்ளை ஒரு சின்ன வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி தயாரிக்கிறாள். கெட்டிக்காரி, யாருக்கும் பயமில்லாதவள். நான் அவளிடம் போனேன். இப்படிக் குரல் களவு நடக்கிறது, சனத்துக்கு ஒரு அறிவித்தல் போட வேண்டும் என்றேன்.

"போடலாம் சாச்சா. ஆனா உங்கட கொரல நம்பாதீங்க எண்டு உங்கட கொரலாலயே சென்னா, சனம் எத நம்புற?"

"என்ன நம்பத் தேவல்ல மகள். அந்த வீட்ட போய்ப் பாக்கட்டும். அதத்தான் செல்லப் போறன்."

"எப்படித் தொடங்குற?"

"ஜனாஸா அறிவித்தல் மாதிரி. என்ட கொரலுக்கு."

அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டோம். இன்னாலில்லாஹியை இதற்கு எடுக்காதீர்கள், மற்றது உங்கள் பாடு என்றார். வீட்டில் என் மனைவி சுஹறா மட்டும் கேட்டாள், "உசிரோட இருக்கக்குள்ள என்னத்துக்கு இந்த வேல?"

பதிவு செய்தோம். அது இப்படி இருந்தது:

"ஜனாஸா அறிவித்தல். சாய்ந்தமருதைச் சேர்ந்தவரும், சுஹறாவின் அன்புக் கணவரும், கல்முனை பஸ் நிலையத்தின் முன்னாள் நேரக் காப்பாளருமான மைக் றஸாக்..."

இங்கே என் இடைவெளி. பிறகு:

"...பேசுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன். மௌத்தானது என் குரல். இனிப் போனில் என் குரலோ, உங்கள் பிள்ளையின் குரலோ வந்தாலும், அது அவர்களுடையதுதானா என்று காது சொல்லாது. கணக்கு இலக்கம் வந்தால் ஒன்றும் அனுப்பாதீர்கள். மௌத்துச் செய்தி வந்தால் அந்த வீட்டுக்குப் போன் எடுங்கள். பக்கமென்றால் நடந்து போய்ப் பாருங்கள். பார்க்காமல் மெய்யென்று பரப்பாதீர்கள், பார்க்காமல் பொய்யென்றும் எழுதாதீர்கள். பொய்யாயிருந்தால் உங்களுக்கு ஒரு நடை வீண். மெய்யாயிருந்தால், அந்த மனிதனுக்கு இன்னொரு ஜனாஸா இல்லை."

கடைசி வசனத்தில் என் குரல் உடைந்தது. திரும்பப் பேசுகிறேன் என்றேன். அப்னா வேண்டாம் என்றாள். ஆனால் இடைவெளியில் கை வைத்தாள்.

"சாச்சா, இத வெட்டிருவம். சத்தமில்லாட்டி நிலையம் விழுந்திட்டெண்டு நெனப்பாங்க."

"அத வெட்டினா எல்லாத்தயும் வெட்டு மகள். களவெடுத்தவன் எல்லாத்தயும் எடுத்தான், அத மட்டும் எடுக்கல்ல. அவன்ட மெஷின் மூச்சும் விடாமத்தான் கதைக்கிது."

இடைவெளி தப்பியது. வியாழன் காலை ஒலிபரப்பினார்கள்.

அந்த நேரம் நான் கிணற்றடியில் குந்தி, கல்லில் ஒரு சூரை மீனைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தேன். மீன் என் நீளம் இருக்கும். சரி, என் கை நீளம். அப்னா போன் எடுத்தாள்.

"சாச்சா, நீங்க வீட்டதானே? உங்கட ஊரால ஒரே கோல். ஆக்கள் மிச்சத்தக் கேக்கல்ல போல."

நான் அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். ஓட்டோக்களிலும் கடைகளிலும் வானொலி பாடிக்கொண்டிருந்திருக்கிறது. என் பெயர் விழுந்திருக்கிறது. இடைவெளி வந்திருக்கிறது. இத்தனை வருடம் நான் பழக்கிய சனம் அந்த இடைவெளியிலேயே எழும்பிவிட்டது. பிறகு நான் உயிரோடு இருக்கிறேன் என்று வானொலி சொன்னதெல்லாம் வெறும் நாற்காலிகளுக்குத்தான்.

முதலில் கதிரை வாடகைக்காரர் வந்தார், ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு வண்டி நிறையக் கதிரையோடு. பிறகு காரைதீவிலிருந்து என்னோடு வேலை செய்த பஸ் சாரதிகள், நிந்தவூர் மச்சினன், மருதமுனையிலிருந்து தறிக்காரர்கள். அரிசி ஆலை முதலாளியும் வந்தார், தனக்கு வந்த சனத்துக்குக் கடன் தீர்க்கிற மாதிரி. சுஹறா பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்க, உங்களக் குளிப்பாட்ட ஆக்கள் வந்திரிக்காங்க. மீன வெச்சிட்டு வாங்க."

நான் செதில் ஒட்டிய கையோடு வாசலுக்கு வந்தேன். சனம் அப்படியே நின்றது. சிலர் அழுதார்கள், சிலர் ஏசினார்கள், மச்சினன் என்னைக் கிள்ளிப் பார்த்தான். எல்லோருக்கும் முன்னால், வாசல் கடப்படியில், தொப்பி போட்டு, உளூச் செய்த முகம் காயாமல் கச்சிமுகம்மது நின்றான்.

"நீயுமா?" என்றேன். "மௌத்தானவன் எப்படிடா தன்ட மௌத்த அறிவிக்கிற?"

"ஒன்ட மௌத்தயும் நீயே அறிவிச்சிப்போட்டுப் போற ஆள்தானே நீ," என்றான். அவன் சிரிக்கவில்லை. "பொய்யெண்டுதான் நெனச்சன். போன தரமும் அப்பிடித்தான் நெனச்சன். அதான் வந்த."

என் மணிக்கட்டைப் பிடித்தான். மீன் நாற்றத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் ஆயிரம் பகிடி வாயில் இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. மைக் இல்லாமலே சனத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"எனக்காக வந்தீங்க, அல்லாஹ் கூலி தருவான். எல்லாரும் உளுவோட நிக்கிறீங்க. ஸஹீதுக்கு நீங்க வரல்ல. பொய்யெண்டு நெனச்சீங்க. அது பொய்யில்ல."

கூட்டத்துக்குள் நின்ற மௌலவி முன்னுக்கு வந்தார். "ஜனாஸாத் தொழுகை தவறினவங்க கபுறடியில தொழலாம்," என்றார். "வாங்க போவம்."

போனோம். கமீலாவின் வீட்டைத் தாண்டித்தான் மையவாடிக்குப் பாதை. சுஹறாவும் மற்றப் பெண்களும் அங்கே உள்ளே போனார்கள். இவ்வளவு காலடிச் சத்தம் கேட்கிறதே, யாருக்கு மௌத்து என்று கமீலா கேட்டிருக்கிறாள். "ஒருத்தருமில்ல. உங்கட ஆளுக்குத்தான் சனம் போகுது," என்று சுஹறா சொல்லியிருக்கிறாள். கமீலா யன்னல் திரையை ஒரு விரலளவு விலக்கி, கடைசி ஆள் போய் முடியும்வரை நின்றாளாம்.

ஸஹீத்தை அடக்கிய கபுறு மையவாடியின் கடற்பக்க ஓரத்தில் இருக்கிறது. அந்தப் பக்க மதில் சுனாமியோடு போனது, இன்னும் கட்டவில்லை. நாம் மக்கா இருக்கிற கிப்லாவுக்கு மேற்கே திரும்பி நிற்க வேண்டும். கபுறு முன்னால், ஸப்புகள் பின்னால். பின்னால் என்றால் கிழக்கு, கிழக்கு என்றால் கடல். முதல் ஸப்பு நிறைந்தது, அடுத்தது நிறைந்தது, மணலில் இறங்கியது, தோணிகளுக்கு நடுவால் போனது. மௌலவி அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டினார். அலைச் சத்தத்துக்கு மேலால் அவர் குரல் போகாது என்று, நான் ஒவ்வொரு தக்பீரையும் எடுத்துச் சொன்னேன். என் குரலால். அங்கே நின்றவர் ஒருவரும் அது யாருடைய குரல் என்று சந்தேகப்படவில்லை. என்னைக் கண்ணால் கண்டார்கள்.

போன கிழமை அப்னா தேத்தண்ணிக் கடைக்கு வந்தாள். அந்த அறிவித்தலைத் திரும்பப் போடப் போகிறாளாம், இந்தமுறை "நான் உயிரோடு இருக்கிறேன்" என்பதை முதலில் வைத்து. நான் அவளுக்கு அந்த நாளின் கதையைச் சொன்னேன். கடைசி ஸப்புக்கு வந்தபோது அவள் கையைக் காட்டி மறித்தாள்.

"சாச்சா, சனம் வந்த நான் நம்புறன். கடலுக்குள்ள நிண்டதெண்டு செல்லாதீங்க."

நான் வழக்கம்போல கச்சிமுகம்மதைப் பார்த்தேன், பத்தால் பிரிக்கட்டும் என்று. அவன் கோப்பையின் அடியில் கிடந்த சீனியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தான். கலக்கி முடித்துக் குடித்தான். கோப்பையை வைத்தான்.

"ஓம் மகள், கடலுக்குள்ளதான்," என்றான். "முன்னுக்குப் போக எனக்கு மொகமில்ல. ஆக்கள விட்டு விட்டுப் பின்னுக்குப் போன. ரெண்டாம் தக்பீருக்கு என்ட கால் நனஞ்சிட்டு."