தொடக்க விழாவுக்கு ஆகாத குரல்

காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் ஆண்டு மாநாட்டுக்கு இந்த முறை அவள்தான் செயலாளர். ஏற்பாட்டுக் கூட்டத்தில் தலைவர் நிகழ்ச்சி நிரலை மேசைமேல் விசிறியடித்தார்.

"தொடக்க விழாவுல யாரோ நோயாளி பேசறாராமே? யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"குழுவைக் கேட்டுத்தான் சார். புற்றுநோய்னு குரல்வளையை எடுத்தவர். தினமும் பேசிப் பழகிட்டு இருக்கார்."

பேசும்போது அந்த நோயாளியின் ஒரு கை, மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளையை மூடவே சரியாக இருக்கும் என்று, ஸ்டாண்டு மைக் கூடச் சொல்லிவைத்திருந்தாள்.

"கரகரன்னு பேசுவாரும்மா. வந்தவங்க முகம் சுளிப்பாங்க. அந்த நேரத்துல எனக்குப் பாராட்டுரை வெச்சுடுங்க."

குழுவில் இருந்த அத்தனை பேரும் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். நேற்றுவரை தலையாட்டியவர்கள்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"யாரோ இல்ல சார், உங்க நோயாளி. ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதப்ப, 'கவலைப்படாதீங்க, மறுபடி பேசுவீங்க'ன்னு தோளைத் தட்டிச் சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். எங்கெல்லாம் பேசக் கூடாதுன்னும் அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"