பத்துக்குப் பத்துக்குப் பத்து

1

நீலகண்டன் எந்த அறைக்குள் நுழைந்தாலும் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுவார். ஓசை எப்படி அடங்குகிறது என்று கேட்ட பிறகே உட்காருவார். எங்கள் மட்டாஞ்சேரியில் துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் தட்டியவர். இந்தக் கதை அந்தக் கைதட்டலில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் இது சென்ற ஆண்டு நம் தமிழ்ச் சங்க ஆண்டு மலரில் நான் எழுதிய ஒரு பொய்யில் பிறந்தது.

2

"வாகமண் மலையில் மூடுபனி இறங்கியபோது—" வேண்டாம். பனிக்குள் ஒளிந்துகொள்வதற்காக எழுதிய வாக்கியம் அது.

ஒலிபெருக்கி வைத்துக் கச்சேரி கேட்பதற்கென்றே நீலகண்டன் அங்கே ஒரு மரக்குடில் கட்டினார். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. வேலைக்கு வந்தவர், மட்டாஞ்சேரியில் ஒலிபெருக்கிப் பெட்டி செய்யும் தென்காசித் தச்சர் பாண்டியராஜன். அளவைப் பார்த்ததும் அவர் தலையைச் சொறிந்தார்.

"பெட்டியவே நாங்க மூணு பக்கமும் ஒண்ணா அடிக்க மாட்டோம் சாமி. குமுறும். ஒரு பக்கத்த ரெண்டடி நீட்டுங்க."

"பூஜை அறை மாதிரி சமமா இருந்தாத்தான் லக்ஷணம். நீ பலகையப் பார்த்தா மதி, அது போதும், கேட்டோ" என்றார் நீலகண்டன், பாதி மலையாளத்தில்.

3

குமுறியது. மிருதங்கத்தின் இடந்தலையில் அடி விழும்போதெல்லாம் அறை உறுமியது. நீலகண்டன் சுவரில் தென்னைநார் மெத்தை மாட்டினார், சாக்குத் தொங்கவிட்டார். (மெத்தை கீச்சொலியை விழுங்கும், அடியொலியோ அசையாமல் நிற்கும். இதை நான் பின்னால்தான் படித்தேன்.) கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்தது. பிறகு என்னிடம் வந்து, "பலகை சரியில்லை, பாண்டியன் ஏமாத்திட்டான்" என்றார்.

நான் கேள்வி கேட்கவில்லை. பொந்து மரத்தை விற்ற மரங்கொத்தி என்று மலரில் ஒரு நீதிக்கதை எழுதிவிட்டேன். மரங்கொத்தி யாரென்று தெரு முழுவதும் புரிந்துகொண்டது. பாண்டியராஜனின் பட்டறைக்கு வேலை வருவது நின்றது.

4

இந்தக் கதைக்குச் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மழையில் குடில் சரிகிறது: தண்டனை மலைக்குப் போகிறது, எனக்கு வரவில்லை. பாண்டியராஜன் ஊருக்குப் பேருந்தேறி— இல்லை. அவர் எங்கும் போகவில்லை. நாள்தோறும் பட்டறையைத் திறந்து வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்.

5

நீலகண்டன் வீட்டுப் பரணில் குடிலின் வரைபடம் எங்களுக்கு அகப்பட்டது. ஓரத்தில் நீலகண்டனின் கையெழுத்து: 10 x 10 x 10. கீழே தச்சுப் பென்சிலில், "12 நல்லது". அதன்மேல் நீலகண்டனின் சிவப்புக் கோடு.

 மறுநாள் காலை நீலகண்டனும் நானும் பட்டறைக்குப் போனோம். வழக்கப்படி அவர் கைகள் உயர்ந்தன, தட்டாமல் கூப்பிக்கொண்டார்.

"தப்பு எம்மேலயாக்கும், பாண்டியா."

பாண்டியராஜன் சீவுளியைத் துடைத்தார். "எங்கிட்டச் சொல்லி என்ன சாமி? எனக்குத்தான் அப்பவே தெரியுமே. அந்தக் கதையப் படிச்சவங்ககிட்டச் சொல்லுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களும்தான் சார்."

எனவே அதே மலரில், அதே பக்கத்தில் எழுதுகிறேன்: பலகையில் குற்றமில்லை. அளவு நீலகண்டனுடையது. மரங்கொத்தி என்னுடையது. பாண்டியராஜன் சொன்னது சரி.

குடிலின் சுவரை இரண்டடி தள்ளிக்கொடுக்க அவர் ஒப்புக்கொண்டாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் ஏதேனும் ஒரு கதவு சாய்ந்திருக்கும். பாண்டியராஜனின் பட்டறை காலை எட்டு மணிக்குத் திறக்கும்.