கவுன்சிலில் இருந்து வந்தவள்

சேட்டின் ஒரு கையை மாட்டி முடித்தபோது கீழே மணி அடித்தது. சுவர்ணா கையை எடுக்கவில்லை. உடலைக் கொண்டுபோகும் பியூனரல்காரர் மத்தியானத்துக்குப் பிறகுதான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இது அவர்களாக இருக்காது.

கணவர் கிருஷ்ணராசா விடியப்புறம் போய்விட்டார். நர்ஸ் வந்து நாடி பார்த்து, எழுத வேண்டியதை எழுதி, சுவர்ணாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மகள் லக்‌ஷிகா பாரிசிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அதுவரை வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்தான்.

நீலச் சேட்டை அவர்தான் நேற்று எடுத்துவைக்கச் சொன்னார்.

"கவுன்சில் ஆள் வரேக்க சாரத்தோட கிடக்க ஏலாது. இதைப் போட்டு விடும். சும்மா காசுக்கு நிக்கிற ஆக்கள் எண்டு நினைக்கக்கூடாது."

நகரசபையான கவுன்சிலிடம் வாடகை உதவிக்கு விண்ணப்பிக்க அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் ஒரு குளிர்காலமே போயிருந்தது. பிரான்சில் உணவகச் சமையலறைகளிலும் இங்கே அப்டன் பார்க்கில் ஒரு பேக்கரியிலும் நின்றே காலம் கழித்த மனிதர். ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகும் இரவு ஷிப்டை விடவில்லை. வயிற்றில் புற்றுநோய் வந்துதான் அவரைப் படுக்க வைத்தது. வாடகை பின்தங்கியது. வீட்டுக்காரன் இரண்டு தரம் வந்து, படியில் நின்றபடியே பேசிவிட்டுப் போனான். இரண்டாம் தரம் வந்த அன்றிரவு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, போடும்" என்றார். அவர் பெயரிலேயே போட்டார்கள்.

மணி மறுபடியும் அடித்தது.

குட்மேய்ஸில் இருக்கும் அவருடைய தம்பி பிரதாபன் காலையில் தொலைபேசியில் அழுது முடித்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணி, கவுன்சில் ஆக்கள் இண்டைக்கோ வருகினம்?"

"ஓம் தம்பி."

"ஒண்டும் சொல்லாதேங்கோ. அண்ணை நித்திரை எண்டு சொல்லி அனுப்பி விடுங்கோ. ஆள் இல்லையெண்டா எல்லாத்தையும் மூடிப்போடுவாங்கள். பிறகு வீட்டுக்காரன் உங்களை இருக்க விடுவானோ?"

சுவர்ணா அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கினாள்.

கழுத்தில் அடையாள அட்டையோடு நாற்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். ஆங்கிலத்தில் தொடங்கியவள், சுவர்ணாவின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"என் பேரு துளசிங்க. மலேசியா. வரலாமா ஆன்ட்டி?"

சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேலே வந்தாள். குசினியைப் பார்த்தாள். குளியலறையைப் பார்த்தாள். கையிலிருந்த டேப்லட்டில் தட்டிக்கொண்டே வந்தாள்.

"அங்கிள் எங்க?"

"நித்திரை."

அந்தச் சொல் அவ்வளவு லேசாக வந்துவிட்டது சுவர்ணாவுக்கே பயமாக இருந்தது.

"எழுப்ப வேணாம். முகத்த மட்டும் பாத்துக்கறேன். அவர் பேர்ல இருக்கில்ல, நேர்ல பாத்தேன்னு நான் எழுதணும்."

சுவர்ணா கதவை மறைத்தாற்போல நின்றாள். நாற்பது வருடத்தில் அந்த மனிதரை யாரும் பார்க்கக்கூடாது என்று அவள் ஒளித்தது இல்லை. உள்ளே அவர் பாதிச் சேட்டோடு கிடந்தார்.

"வாங்கோ," என்று கதவைத் திறந்தாள்.

துளசி இரண்டு அடி வைத்து நின்றாள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். டேப்லட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எப்ப ஆன்ட்டி?"

"விடியப்புறம். பொய் சொல்லிப்போட்டன், பிள்ளை."

துளசி கட்டிலருகே போனாள். வெளியே பஸ் ஒன்று மூச்சுவிட்டு நின்று, பிறகு போனது.

"ஒரு கை இன்னும் மாட்டல," என்றாள். "நான் தூக்கிப் பிடிக்கட்டுமா?"

துளசி அவருடைய தோளைத் தூக்கினாள். சுவர்ணா சேட்டை முதுகுக்குக் கீழால் இழுத்து, மற்றக் கையை மாட்டினாள். அவருடைய விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன. இருவருமாகச் சேர்ந்துதான் பொத்தான்களைப் பூட்டினார்கள்.

வெளி அறையில் உட்கார்ந்தபோது துளசியின் குரல் தாழ்ந்திருந்தது.

"இத மூடித்தான் ஆகணும் ஆன்ட்டி. நான் மறைக்க முடியாது."

"விளங்குது."

"உங்க பேர்ல புதுசா போடணும். இன்னைக்கே தேதி விழுந்தா நல்லது. நானே இருந்து போட்டுத் தரேன்."

"இண்டைக்கோ?"

"உங்களுக்கு முடிஞ்சா."

சுவர்ணா தலையை ஆட்டினாள். பெயர். பிறந்த திகதி. இந்த நாட்டுக்கு வந்த வருடம். எல்லாவற்றுக்கும் அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள்.

"வீட்ல எத்தன பேர் இருக்கீங்க?"

சுவர்ணா திறந்திருந்த அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் இன்னும் இருக்கிறார்தானே, பிள்ளை."

துளசி திரையிலிருந்து விரலை எடுத்தாள்.

"ஆமா," என்றாள். "அத அப்புறமா போட்டுக்கலாம்."

பியூனரல்காரர் சொன்னதற்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள். படிக்கட்டு ஒடுக்கம். வளைவில் அவரை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. துளசி கீழே போய் வாசற்கதவை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி சந்தியில் திரும்பி மறைந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

"ஒரு ஆள் எண்டு போடுங்கோ," என்றாள் சுவர்ணா.

துளசி போட்டாள். பிறகு சுவர்ணாவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, மழையில் நடந்தாள்.

சுவர்ணா மேலே வந்தாள். விரிப்பை உருவலாம் என்று அறைக்குள் போனாள். ஆஸ்பத்திரி இரவலாகத் தந்திருந்த காற்று மெத்தையின் மோட்டாரை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. வெறும் மெத்தை ஒரு பக்கம் மெல்ல எழும்பியது. பிறகு அது தாழ, மறுபக்கம் எழும்பியது. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அவள் கதிரையை இழுத்துக் கட்டிலோடு சேர்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.